கம்பி வளையம் சரியாக வரவில்லையா? குறையைப் பார்த்துக் காரணம் கண்டுபிடிக்கும் வழி

தொங்கல் கம்மல் கழன்று விழுந்தால் குற்றம் பெரும்பாலும் மணியில் இருக்காது. மணியைப் பிடித்திருக்கும் கம்பி வளையத்தில்தான் இருக்கும். சேலத்தில் வீட்டிலிருந்தபடியே மணி நகை செய்து விற்கும் பெண்கள் நிறைய இருக்கிறார்கள். கோர்ப்பதில், நிறம் சேர்ப்பதில் அவர்களுக்குச் சொல்லித்தர எதுவும் இல்லை. இந்த வளையத்தில் வந்துதான் பலர் நிற்கிறார்கள். "எனக்குக் கை வரலைக்கா" என்று சொல்லி, கடையில் ரெடிமேடாக ஐ பின் (ஒரு முனையில் வளையம் போட்டே வரும் கம்பி) வாங்கி, அதைப் பாதி நெருக்கி ஒப்பேற்றிவிடுகிறார்கள்.

கை வராதது என்று ஒன்று இதில் இல்லை. செய்து முடித்த வளையத்தை உற்றுப் பார்த்தால், எந்த இடத்தில் தவறியது என்று அந்தக் கம்பியே காட்டிக்கொடுக்கும். குறை கண்ணில் படும் இடம் ஒன்று, அது பிறந்த இடம் அதற்கு ஒரு படி முன்னால். அதனால் கோணிய வளையத்தை நெருக்கி நெருக்கிச் சரிசெய்ய முயலாதீர்கள். அது என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டு, அடுத்ததை அந்தப் படியில் திருத்திச் செய்யுங்கள்.

ஒழுங்கான சாதா வளையம் எப்படி இருக்க வேண்டும் என்பதை முதலில் மனதில் வையுங்கள். மணியின் துளைக்கு நேர் மேலே வட்டத்தின் நடு நிற்க வேண்டும். கம்பி மணியை விட்டு வெளியே வந்த இடத்திலேயே ஒரு கூரான முனை, அதாவது மடிப்பின் மூலை, தெரிய வேண்டும். வட்டத்தின் நுனி அந்த முனையைத் தொட்டு மூடியிருக்க வேண்டும். பக்கவாட்டில் பார்த்தால் வட்டம் ஒரே கோடாகத் தெரிய வேண்டும். கீழே சொல்லும் எல்லாவற்றுக்கும் அளவுகோல் இதுதான்.

வளையம் ஒரு பக்கமாகத் தள்ளி நிற்கிறது

அதிகம் பார்ப்பது இதைத்தான். கம்பத்தில் கட்டிய கொடி மாதிரி வட்டம் முழுக்க ஒரு பக்கம் போய்விடும். மாட்டினால் மணி சாய்ந்தே தொங்கும். இதற்கு இரண்டு காரணம் உண்டு. எது உங்களுடையது என்பது கம்பியிலேயே தெரியும்.

மணிக்கு மேலே முனையே இல்லாமல், கம்பி நேராக ஏறி அப்படியே வளைந்திருக்கிறதா? அப்படியானால் முதல் மடிப்பை விட்டுவிட்டீர்கள். வட்டம் உருட்டும் முன், மணியை ஒட்டிக் கம்பியை 90 பாகை, செங்கோணமாக மடித்தே ஆக வேண்டும். இதைக் கட்டை விரலால் அழுத்தி மடித்தால் கூர்மை வராது, வில்லாக வளையும். செயின் நோஸ் பிளேயரின் (நுனி மெலிந்த குறடு) நுனியை மணிக்கு மேலே கம்பியில் வைத்து, அதன் ஓரத்தில் அழுத்தி மடியுங்கள். மடித்த பக்கத்துக்கு எதிர்ப் பக்கமாக நுனியை உருட்டிக்கொண்டு வந்தால் வட்டம் தானாக நடுவில் வந்து உட்காரும்.

முனை கூர்மையாக இருக்கிறது, ஆனால் முனைக்கும் வட்டத்துக்கும் நடுவே ஒரு சின்ன நேர்த்துண்டு தெரிகிறதா? மடிப்பில் தவறில்லை, கம்பியை நீளமாக விட்டுவிட்டீர்கள். வட்டம் மூடிய பிறகு மிஞ்சிய நீளம்தான் அந்த நேர்த்துண்டு.

எவ்வளவு நீளம் விடுவது என்பதற்குக் கண் மதிப்பு வேண்டாம். வளையத்தின் உள்விட்டத்தோடு கம்பியின் தடிமனைக் கூட்டி 3.14-ஆல் பெருக்குங்கள். 0.8 மில்லிமீட்டர் கம்பியில் உள்விட்டம் 2 மில்லிமீட்டர் வேண்டுமானால் ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் விட வேண்டும். உள்விட்டம் 3 என்றால் 12. அந்த நீளத்துக்கு ஒரு அட்டைத் துண்டை வெட்டிப் பிளேயரோடு வைத்துக்கொண்டால் மணி கோர்த்த ஒவ்வொரு பின்னையும் அதோடு ஒட்டிப் பார்த்து வெட்டலாம்.

ஏற்கெனவே கோணிய வளையத்தைக் காப்பாற்ற வேண்டுமென்றால்: வட்டம் உருட்டும் ரவுண்ட் நோஸ் பிளேயரின் (உருண்டைத் தாடைக் குறடு) ஒரு தாடையை வட்டத்துக்குள் விட்டு, முனை இருக்க வேண்டிய இடத்தைப் பிடித்து, வட்டம் சாய்ந்த பக்கத்துக்கு எதிர்ப் பக்கமாக ஒரே ஒரு முறை தள்ளுங்கள். முனை உண்டாகி வட்டம் நடுவுக்கு வரும். நேர்த்துண்டு உள்ள வளையத்துக்கு இது உதவாது. அதை விரித்து, நுனியை வெட்டி, மறுபடி உருட்டுங்கள்.

வட்டமாக இல்லை, துளி மாதிரி இருக்கிறது

நுனி நேராக நின்றுவிட்டது என்று பொருள். கம்பியின் நுனி பிளேயர் தாடைக்கு மேல் துளி நீட்டிக்கொண்டிருந்தால் அந்தத் துண்டு வளையவே வளையாது. பிடித்த பிறகு விரல் நுனியால் தாடையைத் தடவிப் பாருங்கள். கம்பி குத்தக் கூடாது, தாடை மட்டும் வழவழவென்று தெரிய வேண்டும்.

இன்னொன்று, ஒரே திருப்பில் முழு வட்டமும் போட நினைப்பது. மணிக்கட்டு அவ்வளவு திரும்பாது. பாதி உருட்டிவிட்டுக் கம்பியை விடாமல் பிளேயரை மட்டும் தளர்த்தி, பின்னோக்கித் திருப்பி, மறுபடி பிடித்து மீதியை உருட்டுங்கள். பாதியிலேயே இழுத்து முடிக்கப் பார்த்தால் வட்டம் நீண்டு துளியாகும்.

ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவில் வருகிறது

ரவுண்ட் நோஸ் தாடை நுனியில் மெலிந்தும் அடியில் தடித்தும் இருக்கும். கம்பியை எங்கே வைக்கிறீர்களோ அந்த அளவு வளையம். பர்மனென்ட் மார்க்கரால் தாடையில் ஒரு கோடு போட்டு, எப்போதும் அந்தக் கோட்டில் வையுங்கள். கோடு அழிந்தால் மறுபடி போடுங்கள். ஜோடிக் கம்மலுக்கு இது போதும்.

மூட்டு மூடவில்லை, மாட்டியது நழுவி வருகிறது

இதைத்தான் நான் எல்லாவற்றையும்விடப் பெரிய குறையாகச் சொல்வேன். கோணிய வளையம் அசிங்கமாக இருக்கும், அவ்வளவுதான். மூடாத வளையம் வாங்கியவர் காதிலிருந்து ஒற்றைக் கம்மலைத் தொலைக்கும். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாக் கூட்டத்தில் ஒரு தொங்கல் விழுந்தால் யார் தேடி எடுப்பது?

கண்ணால் பார்த்து மூடியிருக்கிறது என்று நம்பாதீர்கள். ஒரு தையல் நூலை வளையத்துக்குள் விட்டு, இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்து, மூட்டின் மேல் மெல்ல இழுத்துத் தேயுங்கள். மூட்டில் நூல் சிக்கினாலோ, நழுவி வெளியே வந்தாலோ வளையம் திறந்திருக்கிறது. விற்பனைக்குப் போகும் ஒவ்வொரு வளையத்துக்கும் இந்தச் சோதனை செய்வது அதிகப்படியில்லை.

திறந்திருப்பதற்குக் காரணங்களைக் கம்பியில் தேடுங்கள். நுனி முனைவரை எட்டவே இல்லையென்றால் நீளம் குறைவு. மேலே சொன்ன கணக்குக்குப் போங்கள். நுனி எட்டுகிறது, ஆனால் ஒரு பக்கம் மட்டும் தொட்டு மறுபக்கம் பிளந்து நிற்கிறதென்றால் வெட்டு சரியில்லை. கட்டரின் ஒரு பக்கம் தட்டையாக வெட்டும், மறுபக்கம் கூம்பாக விடும். தட்டைப் பக்கம் நீங்கள் வைத்துக்கொள்ளப்போகும் கம்பியைப் பார்த்து இருக்க வேண்டும். வெட்டும்போது துண்டு தெறிக்கும் முனையை விரலால் மூடிக்கொள்ளுங்கள். கண்ணில் பட்டால் விபரீதம். பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் கட்டாயம்.

முதலில் மூடியிருந்தது, கொக்கி மாட்டிய பிறகு திறந்துகொண்டது என்றால், வளையத்தைத் திறந்த விதம் தவறு. நுனியை இடமும் வலமுமாக விரித்துத் திறந்தால் வட்டம் கெடும், பிறகு எவ்வளவு நெருக்கினாலும் பழைய வட்டம் வராது. நுனியை முன்பக்கமாகவோ பின்பக்கமாகவோ திருப்பித் திறக்க வேண்டும். மூடும்போது அதே வழியில் திருப்பி, இடத்தைத் துளி தாண்டிப் போய்த் திரும்ப வாருங்கள். கம்பிக்குக் கொஞ்சம் பின்வாங்கும் குணம் உண்டு. தாண்டி வந்தால்தான் சரியான இடத்தில் நிற்கும். ஜம்ப் ரிங்குக்கும் (இரண்டு துண்டுகளை இணைக்கும் தனி வளையம்) இதே முறைதான்.

கியர் வயரோ (மணி கோர்க்கும் மெல்லிய வயர்) பட்டு நூலோ நேராக வளையத்தில் கட்டும் மாலையென்றால் சாதா வளையமே வேண்டாம். எவ்வளவு நன்றாக மூடினாலும் மெல்லிய இழை ஒருநாள் மூட்டின் இடுக்கைக் கண்டுபிடித்து வெளியேறும். அங்கே சுற்று வளையம், அதாவது நுனியைக் கம்பியின் கழுத்தில் சுற்றி மூடும் வளையம், போடுங்கள்.

கம்பி ஒடிகிறது

இரண்டு மூன்று முறை விரித்து மூடியதும் பொட்டென்று போகிறதா? கம்பி வளைய வளைய இறுகும். இறுகியது ஒரு கட்டத்துக்கு மேல் வளையாது, ஒடியும். திருத்தித் திருத்திப் பார்க்க வேண்டாம் என்று முதலிலேயே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு முறை திருத்தலாம். அதற்கு மேல் புதுக் கம்பி எடுங்கள்.

முதல் மடிப்பிலேயே ஒடிகிறதென்றால் வாங்கும்போதே கம்பி இறுகியிருக்கிறது. இந்த விஷயத்தில் சேலத்துக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம், பனங்காடு பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள் இருக்கின்றன. வெள்ளியில் நகை செய்கிறவர்கள் தெரிந்த பட்டறை இருந்தால் அங்கேயே கம்பி கேட்டு வாங்கலாம். கேட்கிற விதம் முக்கியம்.

"அண்ணா, இது காய்ச்சின கம்பிங்களா?"

"இல்லீங்கக்கா, அச்சுல இழுத்தது அப்படியே இருக்கு. வளைக்கிறதுக்குன்னா காய்ச்சித் தர்றேன்."

கம்பியச்சின் துளைகள் வழியாக இழுத்து இழுத்து மெலிய வைக்கும்போதே கம்பி இறுகிவிடும். நெருப்பில் காய்ச்சினால்தான் மறுபடி இளகும். இழுத்தபடியே வாங்கி வந்து வளைத்தால் விறைப்பாக நிற்கும், மூட்டு பின்வாங்கும், சில சமயம் ஒடியும்.

செம்புக் கம்பியை வீட்டிலேயே காய்ச்சலாம். இறுகின கம்பியைத் தளர்வாகச் சுருட்டி, நீளக் குறட்டால் பிடித்து, காஸ் அடுப்புச் சுடரில் காட்டுங்கள். விளக்கை அணைத்துவிட்டால் நிறம் தெரியும். மங்கலான சிவப்பு ஓடியதும் அடுத்த இடத்துக்கு நகர்த்த வேண்டும். முழுவதும் ஆனதும் தண்ணீரில் போடுங்கள். கறுத்திருக்கும். செம்புக் குடம் தேய்க்கிற மாதிரி புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று வரும். மணி கோர்த்த பிறகு இதைச் செய்யாதீர்கள். எனாமல் பூசிய கம்பியையும் (மோட்டார் வைண்டிங் கம்பி இந்த வகை) காட்டாதீர்கள், பூச்சு எரிந்து கெட்ட புகை வரும். முலாம் பூசிய கம்பிக்கு நெருப்பே ஆகாது. அலுமினியம் சிவக்கும் முன்பே உருகி விழும். மெல்லிய வெள்ளிக் கம்பியும் கண் இமைக்கும் நேரத்தில் உருகும், ஆகவே வெள்ளியைப் பட்டறையில் கொடுத்துவிடுவதே மேல்.

ஒடிந்த இடத்தில் பிளேயர் பல் பதிந்த தழும்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் கம்பி இறுகவில்லை, வெட்டுப்பட்டிருக்கிறது.

வளையத்தில் தழும்பு, கீறல்

ஹார்டுவேர் கடைப் பிளேயரின் தாடையில் பல் இருக்கும். எலக்ட்ரிக் வேலைக்கு அது நல்லது, நகைக்கு ஆகாது. தாடை வழவழப்பாக உள்ளதை வாங்குங்கள். சின்னக்கடை வீதி ஃபேன்ஸி கடைகளில் மணி விற்கிற இடத்திலேயே கேட்டுப் பாருங்கள். புதுப் பிளேயரானாலும் தாடை ஓரம் சில சமயம் கத்தி மாதிரி இருக்கும். நைஸ் எமரித் தாளால் ஓரத்தை மட்டும் மழுக்கினால் சரியாகும்.

மோட்டார் வைண்டிங் கடையில் கிலோக் கணக்கில் வாங்கும் செம்புக் கம்பி மலிவு, பழகுவதற்கு அதைவிட நல்லது இல்லை. ஆனால் மேல்பூச்சு பிளேயர் பட்ட இடத்தில் உரியும். பழகப் பயன்படுத்துங்கள், விற்கும் நகைக்கு வேண்டாம்.

கம்பி மணிக்குள் நுழையவில்லை, அல்லது மணியில் விரிசல் விட்டுவிட்டது

"20 நம்பர் கம்பி" என்று இருவர் சொன்னால் இருவரும் ஒரே கம்பியைச் சொல்கிறார்கள் என்று இல்லை. நம் ஊர் வைண்டிங் கடைகளில் எஸ்.டபிள்யூ.ஜி. (பிரிட்டிஷ் கம்பி அளவு) கணக்கு. அதில் 20 என்பது 0.91 மில்லிமீட்டர். ஆன்லைனில் வரும் நகைக் கம்பியில் பெரும்பாலும் ஏ.டபிள்யூ.ஜி. (அமெரிக்கக் கம்பி அளவு) கணக்கு. அதில் 20 என்பது 0.81. வித்தியாசம் ஒரு மயிரிழை என்று தோன்றும். கண்ணாடி மணியில் அந்த மயிரிழைதான் நுழைவதையும் நுழையாததையும் தீர்மானிக்கிறது. வீடியோவில் 22 என்று சொன்னால் எந்தக் கணக்கு என்று பாருங்கள்: ஏ.டபிள்யூ.ஜி.யில் 0.64, எஸ்.டபிள்யூ.ஜி.யில் 0.71. நம்பரை விட்டுவிட்டு மில்லிமீட்டரில் கேட்டு வாங்கப் பழகிக்கொண்டால் இந்தத் தொல்லையே இல்லை. நன்னீர் முத்துகளின் துளை இன்னும் சின்னது. அரை மில்லிமீட்டர்க் கம்பி வேண்டியிருக்கும், அவ்வளவு மெல்லிய கம்பியில் சாதா வளையம் நிற்காது, சுற்று வளையம்தான்.

முடுக்கி நுழைத்த கம்பியை மடிக்கும்போது மணி விரிசல் விடுகிறது. அதைத் தவிர, மடிப்பைப் போட மணியையே முட்டாகப் பயன்படுத்தினாலும் கண்ணாடி வாய் உதிரும். அழுத்தத்தைத் தாங்க வேண்டியது பிளேயரின் நுனி.

ஏற்காடு பக்கம் விதைகளில் மாலை கோர்ப்பவர்களுக்கு இங்கேயே ஒன்று சொல்லிவிட வேண்டும். குன்றிமணியைத் துளையிட்டு நகையில் சேர்க்காதீர்கள். ஓடு உடையாதவரை அதன் நஞ்சு உள்ளே அடங்கியிருக்கும். துளை போட்டால் அந்தக் காவல் போய்விடும், அபிரின் என்ற கொடிய நஞ்சு அது. குழந்தை வாயில் வைத்துக் கடித்தால் உயிருக்கே ஆபத்து. சிவப்பும் கறுப்பும் வேண்டுமென்றால் கண்ணாடி மணியில் அதே நிறம் கிடைக்கிறது.

மணிக்கும் வளையத்துக்கும் நடுவே இடைவெளி

மடிக்கும் முன் மணியைக் கீழே தள்ளிப் பிடிக்கவில்லை. பின்னின் தலையை உள்ளங்கையில் முட்டுக்கொடுத்து மணியை இறக்கிவிட்டு மடியுங்கள். மணியின் துளையே அகலமாக இருந்து அதனால் ஆடுகிறதென்றால் மேலும் கீழும் ஒரு பொடி மணியோ தொப்பியோ சேருங்கள்.

சுற்று வளையத்தின் சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன

கழுத்துக்கு இடம் விடவில்லை. மூன்று சுற்று வேண்டுமென்றால் கம்பித் தடிமனை மூன்றால் பெருக்கிய உயரம் மணிக்கு மேலே விட்டு, அதன் பிறகே மடிக்க வேண்டும். 0.7 கம்பிக்கு 2 மில்லிமீட்டருக்குச் சற்று மேலே. குறைவாக விட்டால் மூன்றாவது சுற்றுக்கு இடமில்லாமல் இரண்டாவதின் மேல் ஏறும். அதிகமாக விட்டால் கடைசியில் மணி ஆடும்.

இடம் சரியாக இருந்தும் சுற்றுகள் விரிந்து போகிறதா? சுற்றும் கம்பி கழுத்துக்குச் செங்குத்தாக இல்லாமல் சாய்ந்து இறங்குகிறது. ஒவ்வொரு சுற்றிலும் கம்பியை இழுத்துப் பிடித்தபடி, முந்தைய சுற்றை உரசிக்கொண்டு போகும்படி சுற்றுங்கள்.

முக்கியமாக, கடைசி நுனி. வெட்டிய பிறகு ஒரு பொடி முள் வெளியே நிற்கும். பார்த்தால் தெரியாது, பட்டுப் புடவையில் பட்டால் இழையை இழுக்கும். செயின் நோஸ் நுனியால், சுற்றிய திசையிலேயே அதை உள்ளே அழுத்திவிட்டு, ஒரு பழைய துப்பட்டாவை மேலே இழுத்துப் பாருங்கள். சிக்காமல் வர வேண்டும்.

ஜிமிக்கி பக்கவாட்டில் திரும்பித் தொங்குகிறது

வளையத்தில் குறை இல்லை, திசையில்தான். மணியின் மேல் வளையமும் கீழ் வளையமும் ஒரே தளத்தில் இருக்க வேண்டுமா, குறுக்காக இருக்க வேண்டுமா என்பது என்ன மாட்டப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மாட்டிப் பார்த்துவிட்டு முடிவுசெய்யுங்கள். திருத்த இரண்டு பிளேயர் வேண்டும். மேல் வளையத்தை ஒன்றிலும் கீழ் வளையத்தை ஒன்றிலும் தட்டையாகப் பிடித்து, வேண்டிய அளவு முறுக்கினால் போதும். மணிக்குள் கம்பிதான் திரும்பும், மணிக்கு ஒன்றும் ஆகாது.

இழுத்தால் வளையம் நீளுகிறது

கம்பி மிக மென்மை. அலுமினியக் கம்பி கனமான மணியைத் தாங்காது, அதை விட்டுவிடுங்கள். செம்போ வெள்ளியோ என்றால் ஒரு எண் தடித்த கம்பிக்குப் போங்கள். இல்லாவிட்டால் கோர்ப்பதற்கு முன்பே கம்பியை இரு முனையிலும் பிடித்து, நேராகவே வைத்துச் சில சுற்று முறுக்குங்கள். வடிவம் மாறாமல் இறுகும்.

கறுக்கிறது, பச்சை படிகிறது, காது அரிக்கிறது

கீழே சேலத்தில் வியர்வை, மேலே ஏற்காட்டில் பனி ஈரம். கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரத்தில் மூடுபனிக் காலத்தில் செம்பும் பித்தளையும் திறந்து வைத்தால் சீக்கிரம் மங்கிவிடும். மே மாதக் கோடை விழாவுக்கு மலையில் விற்க எடுத்துப் போகிறவர்கள் ஒவ்வொரு ஜோடியையும் தனித்தனி ஜிப் கவரில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி மூடுங்கள். டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடலாம். வெள்ளி வளையங்களை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டாதீர்கள். ரப்பரில் உள்ள கந்தகமே வெள்ளியைக் கறுக்க வைக்கும். பருத்தி நூலால் கட்டுங்கள்.

காது அரிப்பு வேறு விஷயம். பெரும்பாலும் நிக்கல்தான் காரணம். ஜெர்மன் சில்வர் என்ற பெயரில் வருவதில் வெள்ளி கிடையாது, செம்பு, நிக்கல், துத்தநாகம்தான். தொங்கலின் வளையத்தில் அது இருந்தால் பெரிதாகப் பாதிக்காது, காதுத் துளைக்குள் போகும் கொக்கியில் இருக்கக் கூடாது. அரிக்கிறது என்று ஒருவர் திருப்பிக் கொண்டுவந்தால் தொங்கலைக் கழற்றி வைத்துக்கொண்டு, கொக்கியை மட்டும் 92.5 வெள்ளியில் மாற்றிக் கொடுங்கள். புண் ஆறிய பிறகு மாட்டிக்கொள்ளச் சொல்லுங்கள்.